டிக்கியில் ஒரு சக்களத்தி

ஜூன் 3

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். பத்திரம் என்பது உடம்புக்கு மட்டும்தான். வழி நெடுக உங்கள் மகள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வாண்டு பின் சீட்டில் உங்களுக்காக விட்டிருந்த இடத்தைத் தட்டித் தட்டி, "தாத்தா எங்க? தாத்தா ஏன் வரல?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கேட்டது என்னிடம். பதில் உங்களிடம் இருக்கிறது.

என்னதான் நடந்தது மாமா? உங்களை மொத்தமாகக் கூட்டிவரத்தான் வந்தோம். நீங்களும் கிளம்பித்தான் இருந்தீர்கள். பூந்தொட்டிகளைக் கீழ்வீட்டம்மாவிடம் கொடுத்தாகிவிட்டது, பாலை நிறுத்தியாகிவிட்டது. வாசலில் உங்கள் துணிப் பெட்டி, குடை, போர்வை சுற்றிய அத்தையின் தையல் மெஷின் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றன. நான் வண்டியின் பின்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு உங்கள் பக்கம் வந்தேன். அதற்குள் உங்கள் முகம் மாறிவிட்டது. "முட்டி வலிக்குது மாப்பிள்ளை, இன்னொரு நாள் பாக்கலாம்" என்றீர்கள். முட்டி வலிக்கிறவர் மெஷினின் தலையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறியதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

போனில் கேட்டிருப்பேன். போனில் நீங்கள் எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்பீர்கள். போன மாதம் "குழாய் சரியாயிடுச்சா?" என்று கேட்டதற்கு, "ரொம்ப சந்தோஷம், ரெண்டு பேருக்கும் வாழ்த்து சொல்லு" என்றீர்கள். உங்கள் மகளைக் கேட்கச் சொன்னால், "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க. நடுவுல நான் தபால்காரி இல்ல" என்கிறாள். அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா? பேசியிருந்தால் என்ன என்று சொல்லுங்கள். தெரியாமல் திட்டு வாங்குவது கஷ்டமாக இருக்கிறது.

தங்கள் மாப்பிள்ளை

*

ஜூன் 8

மாப்பிள்ளை அவர்களுக்கு,

ஆசிகள். கடிதம் கிடைத்தது. படித்து முடிக்க வெளிச்சத்துக்கு நாற்காலியை மாற்றிப் போட வேண்டியிருந்தது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர் கோழி கிளறியது போல் எழுதி ஊரார் கண்ணுக்கு வேலை வைப்பது சரிதான், கடையும் ஓட வேண்டுமே.

முட்டி நலம். அது அன்றும் நலமாகத்தான் இருந்தது.

கேட்டுவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன். பாட்டில் தொழிற்சாலையில் வாலிபத்தைக் கழித்தவன் நான். நாள் முழுக்கப் பாட்டிலும் பாட்டிலும் முட்டிக்கொண்டு ஓடுகிற இடத்தில் நின்றவனுக்குக் காது மிஞ்சாது. மிஞ்சியது என் மகள் வாங்கித் தந்த காது மெஷின், அதுவும் காதுக்குள் குக்கர் மாதிரி விசில் அடிக்கிறது. ஆனால் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்க எனக்குத் தெரியும். அன்று நீங்கள் என் மகள் பக்கம் திரும்பிச் சொன்னீர்கள். வெயில் உங்கள் முகத்தில் அடித்தது, உதடு தெளிவாகத் தெரிந்தது. "இடமில்ல. எங்க வைக்கிறது இவர?"

இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பார்கள். இடமே கொடுக்காவிட்டால் அந்தக் கவலை யாருக்கும் இல்லை. உங்கள் வீடு சின்னது என்று எனக்குத் தெரியும். மனதில் பட்டதை முன்கூட்டியே சொன்னீர்கள், வந்து உட்கார்ந்த பிறகு சொல்லவில்லை. அதற்கு நன்றி.

கோபம் இல்லை. வருத்தம் இருக்கிறது, இல்லை என்று எழுதினால் பொய். பூந்தொட்டிகளைத் திருப்பிக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. காலையில் எழுந்தால் தண்ணீர் ஊற்ற ஒன்றும் இல்லை. இதை என் மகளிடம் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
மாமா

*

ஜூன் 11

மாமா, மாமா, மாமா!

டிக்கி!

நான் சொன்னது டிக்கியை. "டிக்கில இடமில்ல. எங்க வைக்கிறது இத?" என்றேன். இத, மாமா! இவர இல்லை. இத என்றால் மெஷின். டிக்கியைச் சொல்லும்போது குனிந்திருந்தேன், நிமிர்ந்தபோது மிச்சம்தான் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. என் உதட்டின் மேல் சத்தியமாகச் சொல்கிறேன். இனிமேல் மீசையைக்கூடச் சின்னதாக வெட்டிக்கொள்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் உங்கள் கடிதத்தை உங்கள் மகள்தான் பிரித்தாள். படித்துவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் பூந்தொட்டி வரியில் நின்றுவிட்டாள். அப்புறம் அழுதாள். அப்புறம் என்னைத் திட்டினாள். நீங்கள் எழுதினால் ஒரு திட்டு, அவள் படித்தால் ஒரு திட்டு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று சொன்னவன் எந்த வீட்டு மாப்பிள்ளையோ தெரியவில்லை.

வீட்டில் உங்களுக்கு இடமில்லையா? ஜன்னல் பக்கத்து அறையைக் காலி செய்து வெள்ளையடித்து முடித்தாகிவிட்டது. சுவரின் கீழ்ப்பாதியில் வாண்டு ஒரு படம் போட்டிருக்கிறாள், அதில் கண்ணாடியும் பெரிய காதுமாக இருப்பது நீங்கள். அதை அழிக்கக் கூடாது என்று உத்தரவு.

இடம் இல்லாதது டிக்கியில்தான். அங்கே உட்கார்ந்திருப்பது என் பாட்டுப் பெட்டி. உங்களுக்குத் தெரியும், பின் சீட்டின் முதுகை ஒட்டி, டமடம என்று அடிக்குமே, அதுதான். மேலே சத்தத்தைக் கூட்டுகிற ஆம்ப், சுற்றிலும் ஒயர். கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. உங்கள் மகள் அதற்கு வைத்த பெயர் சக்களத்தி. "எனக்கு முன்னாடியே வந்தவ, என்னைவிட அதிகமா பேசுறவ" என்பாள். கடைக்குப் போனால் சாமான் பையை எல்லாம் மடியில் வைத்துக்கொண்டுதான் வருவாள்.

தப்பு என் பெட்டியுடையது, உங்களுடையது இல்லை. மெஷினை ஒரு சின்ன லாரியில் அனுப்பிவிட்டு நீங்கள் எங்களோடு வந்துவிடுங்கள். எப்போது வரட்டும்?

தங்கள் மாப்பிள்ளை

*

ஜூன் 16

மாப்பிள்ளை அவர்களுக்கு,

ஆசிகள். டிக்கி என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. எழுந்து போய் டீ போட்டேன். டீ ஆறுவதற்குள் நிம்மதியும் ஆறிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். வீட்டில் இடமில்லை என்றாலாவது நாலு மனிதர் இருக்கும் வீடு, நெருக்கடி என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இப்போது தெரிகிறது, நான் தோற்றது ஒரு பெட்டியிடம். வாயும் வயிறும் இல்லாத ஒன்று வண்டியில் சொகுசாகப் போகிறது, என் மனைவியின் மெஷின் வாசலில் போர்வை போர்த்திக்கொண்டு நிற்கிறது.

லாரி யோசனை வேண்டாம். நாங்கள் வாழ்ந்த காலத்தில் உங்கள் அத்தை தனியாகப் பஸ் ஏறியவள் இல்லை. அவள் கால் பட்டுப் பட்டு மிதிகட்டையில் பளபளப்பு ஏறியிருக்கிறது. அவள் போன பிறகு அதில் தலையணை உறை தைக்கக் கற்றுக்கொண்டேன். முதல் உறையில் நாலு பக்கத்தையும் சேர்த்துத் தைத்துவிட்டேன், தலையணை வெளியிலேயே நின்றுவிட்டது. இப்போது நன்றாகவே தைக்கிறேன். ஓடுகிறபோது மிதிகட்டை வழியாகக் காலுக்கு அதன் நடை தெரியும். நூல் அறுந்தால் காதுக்கு முன் காலுக்குத் தெரிந்துவிடும். அதை முகம் தெரியாத டிரைவரிடம் ஒப்படைக்க மாட்டேன்.

ஆகவே மெஷின் ஏறாத வண்டியில் நான் ஏறமாட்டேன். இது பிடிவாதம்தான். பெயர் மாற்றிச் சொல்ல விருப்பமில்லை.

காதைக் கெடுக்கிற சாமானைக் கண்ணுக்கு வேலை பார்ப்பவர் ஏன் வைத்திருக்கிறார் என்பது எனக்கு இதுவரை புரியாத விஷயம்.

வாண்டுவிடம் என் காது அவ்வளவு பெரியது இல்லை என்று சொல்லவும்.

இப்படிக்கு,
மாமா

*

ஜூன் 24

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராக பியூஸ் கடைக்குப் போனேன். பியூஸ் என்பது என் சிநேகிதன், டயர் கடைக்குப் பின்னால் கார் பாட்டு வேலை செய்கிறான். அவன் கை வைத்த இடத்தில் ஒரு பியூஸாவது போகும், அதனால் அந்தப் பெயர். ஆனால் கெட்டிக்காரன்.

"பெட்டியும் இருக்கணும், டிக்கியும் காலியா இருக்கணும், மாமனாரும் வரணும்" என்றேன்.

"மூணுல ஒண்ணு விட்டுடு" என்றான்.

"முடியாது."

"அப்ப ஒளிச்சுத்தான் வைக்கணும்."

முதலில் ஸ்டெப்னி குழி. டிக்கியின் தரைக்குக் கீழே உபரி டயர் படுத்திருக்கும் பள்ளம். டயரை எடுத்துவிட்டுப் பெட்டியை அதில் இறக்கினோம். அச்சாகப் பொருந்தியது. மேலே பாயைப் போட்டால் டிக்கி காலி மைதானம். நான் விசிலடித்தேன். அப்புறம்தான் கையில் டயர் இருப்பது ஞாபகம் வந்தது. அதைப் பின் சீட்டில் நிறுத்தி பெல்ட் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உங்கள் மகள் வாசலில் நின்று பார்த்தாள். "எங்கப்பா உக்கார வேண்டிய எடத்துல டயருக்கு பெல்ட்டு போட்டு கூட்டிட்டு வந்திருக்கீங்க. ரொம்ப நல்லாருக்கு" என்றாள்.

டயரை மாடிப்படிக்கு அடியில் போட்டேன். மறுநாளே ரோட்டில் பஞ்சர். டயர் வீட்டில், வண்டி வெயிலில், உங்கள் மகள் பக்கத்தில். அந்தப் பகலைப் பற்றி நான் எழுதவில்லை.

அடுத்து பொய்த் தரை. டிக்கியின் தரைக்கு மேலே இன்னொரு பலகை போட்டு, இரண்டுக்கும் நடுவில் பெட்டியைப் படுக்க வைத்தோம். பார்க்க அழகு. ஆனால் பலகை மேலே ஏறியதும் டிக்கியின் உயரம் போய்விட்டது. உங்கள் மெஷின் என்ன, வாண்டுவின் மூன்று சக்கர சைக்கிளே படுத்துக்கொண்டால்தான் போகும் போல் இருந்தது. ஆம்பும் மூச்சுவிட முடியாமல் சூடாகி அணைந்துவிட்டது. போகிற போக்கில் ஒரு பியூஸும் போனது.

இதை எழுதும்போது மனம் கொஞ்சம் சோர்ந்துதான் இருக்கிறது மாமா. ஒளித்து வைக்க முடியவில்லை என்றால் ஒரே வழி. கடைக்கு வந்த ஒருவர் பெட்டியைப் பார்த்துவிட்டு விலைக்குக் கேட்டார். கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். உங்களுக்கும் அது பிடிக்காது, உங்கள் மகளுக்கும் பிடிக்காது. இருக்கிற நாலு பேரில் எனக்கும் வாண்டுவுக்கும் மட்டும் பிடிக்கும். வாண்டு சீக்கிரம் மறந்துவிடுவாள்.

மெஷினைக் கழற்றினால் எவ்வளவு நீளம், அகலம் என்று மட்டும் எழுதுங்கள்.

தங்கள் மாப்பிள்ளை

*

ஜூன் 30

மாப்பிள்ளை அவர்களுக்கு,

ஆசிகள். விற்க வேண்டாம். இந்தக் கடிதத்தில் வேறெதையும் படிக்க நேரம் இல்லாவிட்டால் இதை மட்டும் படிக்கவும். விற்க வேண்டாம்.

அளவு கேட்டிருந்தீர்கள். சாண் கணக்கில் எழுதினால் உங்கள் சாணா என் சாணா என்று சண்டை வரும். டேப்பில் எண்கள் அழிந்துபோய்விட்டன. ஆகவே நூல் வைத்து அளந்து வெட்டி உறைக்குள் போட்டிருக்கிறேன். சிவப்பு நூல் மேல் பலகையின் நீளம். நீல நூல் இரும்புக் காலின் உயரம். வெள்ளை நூல் தலை. பலகை, கால், தலை மூன்றும் தனித்தனியாகக் கழலும். நூல்களைச் சிக்கலாக்காமல் பிரிக்கவும், என் மகளிடம் கொடுத்தால் பிரித்துத் தருவாள்.

இனி விற்க வேண்டாம் என்பதற்குக் காரணம். எழுதலாமா என்று யோசித்து, கடிதத்தை ஒரு தடவை ஒட்டிவிட்டுத் திரும்பப் பிரித்தேன்.

என் கண் ஆபரேஷனுக்கு நீங்கள் கூட்டிக்கொண்டு போனீர்களே, திரும்பி வரும்போது பின் சீட்டில் சாய்ந்திருந்தேன். நீங்கள் பெட்டியைப் போட்டீர்கள். முதுகில் யாரோ தட்டுவது போல இருந்தது. முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு கவனித்தேன். தட்டுவதில் ஒரு ஒழுங்கு இருந்தது. இரண்டு நீளம், ஒரு குட்டை, ஒரு நிறுத்தம். எனக்குத் தெரிந்த நடை. உங்கள் அத்தை மெஷின் மிதித்துக்கொண்டே முணுமுணுக்கிற பாட்டு. என் மகளைத் தொட்டு, "அந்தப் பாட்டா?" என்று கேட்டேன். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

மாப்பிள்ளை, எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு நான் கேட்ட பாட்டு அது. காதால் இல்லை, முதுகால். ஒரு கண்ணில் கட்டு இருந்தது, இன்னொரு கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நீங்கள் கண்ணாடியில் பார்த்து என்ன என்று கேட்டபோது, "சொட்டு மருந்து வழியுது, அந்த டமாரத்த நிறுத்துங்க, முதுகெலும்பு உதிருது" என்றேன். நீங்கள் உடனே நிறுத்திவிட்டீர்கள். அவ்வளவு சொன்ன பேச்சு கேட்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு உங்கள் வண்டியில் ஏறும்போதெல்லாம் பெட்டியைத் திட்டுவேன், உள்ளுக்குள் நீங்கள் போடமாட்டீர்களா என்று இருப்பேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பேனா சூடாக இருக்கும்போதே. உங்கள் வீட்டுக்கு மொத்தமாக வர எனக்குப் பயம். எல்லோரும் அன்பாகத்தான் இருக்கிறீர்கள். ஆனால் எல்லோரும் வேகமாகப் பேசுகிறீர்கள், சேர்ந்து சிரிக்கிறீர்கள். நான் எதற்கென்று தெரியாமல், எல்லோரும் முடித்த பிறகு, கடைசியாகச் சிரிப்பேன். ஒரு நாள் இரண்டு நாள் என்றால் சமாளிக்கலாம். தினமும் கடைசியாகச் சிரிப்பது கஷ்டம். "இடமில்ல" என்று உங்கள் உதட்டில் படித்தபோது அதனால்தான் உடனே நம்பிவிட்டேன். ஏற்கெனவே என் மனதில் இருந்த வார்த்தை அது.

அந்த வண்டியில் மட்டும்தான் எனக்கும் ஒன்று நேராக வந்து சேர்கிறது. அதைப் பின் சீட்டின் முதுகிலிருந்து எடுத்துவிட்டீர்கள் என்று உங்கள் கடிதத்தில் படித்தபோது சாப்பாடு இறங்கவில்லை. எனக்காகத்தான் எடுத்திருக்கிறீர்கள் என்பது வேறு.

இதற்கெல்லாம் பதில் எழுத வேண்டாம். நூல்களைத் தொலைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மாமா

*

ஜூலை 9

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒரு விஷயத்தில் சொன்ன பேச்சைக் கேட்கப் போவதில்லை. அன்று நிறுத்தச் சொன்னதும் நிறுத்தினேனே, அது போதும்.

பெட்டியை விற்கவில்லை. கேட்டவரிடம், "என் மாமனார் ஒத்துக்க மாட்டேங்குறார்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். மாமனாரைக் காரணம் காட்டிப் பாட்டுப் பெட்டியை வைத்துக்கொள்கிற மாப்பிள்ளையை அவர் பார்த்ததில்லை போல.

இப்போது எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். டிக்கியின் இடது பக்கச் சுவருக்குள், சக்கரத்துக்குப் பின்னால், ஒரு வெற்று இடம் உண்டு. பழைய பெட்டிதான் அதற்குள் போகாது, உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் போகும். பியூஸ் அந்தப் பள்ளத்தின் வடிவத்துக்கே ஃபைபரில் ஒரு கூடு வார்த்து, ஸ்பீக்கரை அதில் பொருத்தி, மேலே டிக்கிக்கு உள்ள அதே சாம்பல் துணியை ஒட்டிவிட்டான். ஆம்ப் முன் சீட்டுக்கு அடியில் போய்விட்டது, அங்கே காற்று வருகிறது. ஸ்டெப்னி தன் குழியில் நிம்மதியாகப் படுத்திருக்கிறது. உங்கள் மகளைக் கூப்பிட்டு, "உன் சக்களத்தி எங்க, கண்டுபிடி" என்றேன். நாலு பக்கமும் தட்டிப் பார்த்தாள், பாயைத் தூக்கிப் பார்த்தாள். "ஓடிட்டாளா?" என்றாள். பாட்டைப் போட்டதும்தான் சுவர் பேசியது.

உங்கள் நூல்களை டிக்கியில் பரப்பினோம். சிவப்பு நூல் குறுக்கே படுத்தது, பக்கத்தில் கை நுழைகிற இடம் மிச்சம். நீலம், வெள்ளை, உங்கள் துணிப் பெட்டி, குடை எல்லாம் வைத்த பிறகும் பூந்தொட்டிக்கு இடம் இருக்கிறது. கீழ்வீட்டம்மாவிடம் இரண்டைத் திருப்பிக் கேளுங்கள். நீங்கள் கேட்கக் கூசினால் நான் கேட்கிறேன், எனக்குக் கூச்சம் கிடையாது.

ஆனால் பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் முதுகில் ஒன்றும் வரவில்லை. பெட்டி சுவருக்குள் போனதும் தட்டல் எல்லாம் டிக்கியோடு நின்றுவிட்டது. பியூஸிடம் உங்கள் கதையைச் சொன்னேன். சொல்லக் கூடாதா? சொல்லிவிட்டேன். அவன் பரணிலிருந்து ஒரு வட்ட வில்லையை எடுத்தான். சத்தமே போடாது, நடுங்க மட்டும் செய்யும். அவன் வைத்த பெயர் குலுக்கி. உங்கள் மகளின் ஊறுகாய் ஜாடி மூடி அளவுதான். அதைப் பின் சீட்டின் இடது பக்கத்தில், சாய்கிற இடத்துக்கு உள்ளே, சட்டத்தோடு சேர்த்துப் பூட்டினோம். பாட்டு எவ்வளவு மெதுவாக வைத்தாலும் அந்த ஒரு இடத்துக்குத் தாளம் முழுசாகப் போகும்.

சரியாக வருகிறதா என்று எப்படிப் பார்ப்பது? இரண்டு காதிலும் பஞ்சு வைத்து, அதன் மேல் பியூஸ் கடையில் அரைக்கும்போது போட்டுக்கொள்கிற காது மூடியையும் போட்டுக்கொண்டு உங்கள் இடத்தில் உட்கார்ந்தேன். உங்கள் மகள் ஓட்டினாள், வாண்டு முன்னால் அவள் பக்கத்தில். அத்தையின் பாட்டையே போடச் சொல்லியிருந்தேன். இரண்டு நீளம், ஒரு குட்டை, ஒரு நிறுத்தம். அப்படியே வந்தது மாமா.

பாதி வழியில் முன்னால் இருவரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாண்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நான் என்னவென்று தெரியாமல் பல்லைக் காட்டினேன். அவர்கள் முடித்த பிறகும் நான் காட்டிக்கொண்டிருந்தேன். அந்த நிமிடம் உங்கள் கடிதம் எனக்குப் புரிந்தது. படித்தபோது புரிந்ததாக நினைத்தேன், ஆனால் புரியவில்லை. மனது கஷ்டமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். வாண்டு சட்டம் போட்டுவிட்டாள்: "தாத்தா மூஞ்சியப் பாத்துச் சொல்லாத ஜோக்கு செல்லாது. யாரும் சிரிக்கக் கூடாது." நேற்றே அமலுக்கு வந்துவிட்டது. நீங்கள் இல்லாததால் எந்த ஜோக்கும் செல்லவில்லை, வீடே சிரிக்காமல் கிடக்கிறது. உங்கள் மகள் ஒரு தடவை தெரியாமல் சிரித்துவிட்டு அபராதமாக வாண்டுவுக்கு ஒரு முத்தம் கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறோம். முட்டி வலி என்று சொன்னால் உங்களையும் மூன்றாகக் கழற்றி டிக்கியில் வைத்துவிடுவேன். இடம் இருக்கிறது.

தங்கள் மாப்பிள்ளை

*

ஜூலை 22
ஜன்னல் பக்கத்து அறை

மாப்பிள்ளை அவர்களுக்கு,

ஆசிகள். நீங்கள் கூடத்தில் உட்கார்ந்து லென்ஸ் துடைத்துக்கொண்டிருக்கிறீர்கள், நான் இங்கே கதவுக்கு இந்தப் பக்கம். எழுந்து வந்து பேசலாம். ஆனால் கடிதத்தில் பேசியது போல நேரில் பேச வரவில்லை. உங்களுக்கும் வரவில்லை என்று கவனித்தேன். முகத்துக்கு நேராக வந்து நின்று, வாயை அகலமாகத் திறந்து, "டீ குடிச்சீங்களா மாமா" என்கிறீர்கள். அதைத் தவிர வேறொன்றும் வெளியே வருவதில்லை. ஆகவே இதை உங்கள் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துவிடுவேன்.

மெஷின் ஜன்னலடியில் நன்றாக இருக்கிறது. வந்து இறங்கியதும் எண்ணெய் போட்டு மிதித்துப் பார்த்தேன், ஒரு திருகுகூடத் தளரவில்லை. கீழ்வீட்டம்மா இரண்டு கேட்டால் நாலு தொட்டி கொடுத்துவிட்டார். வாண்டு அவற்றுக்கு ஊற்றுகிற தண்ணீரைப் பார்த்தால் தொட்டிக்குள் மீன் வளர்க்கலாம்.

டிக்கியைப் பற்றி ஒரு புகார். இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்று எழுதியிருந்தேன், பிடுங்கியது என் மகள்தான். காலியாக இருக்கிறதே என்று மடக்கு நாற்காலி, பழைய பேப்பர் கட்டு, வாண்டுவின் சைக்கிள், இஸ்திரிக்குப் போகிற துணி மூட்டை எல்லாவற்றையும் அதிலேயே வைத்திருக்கிறாள். சக்களத்தி சுவருக்குள் இருந்துகொண்டு சிரிப்பாள் என்று நினைக்கிறேன். அவள் சிரித்தால் எனக்குத் தெரியும்.

வாண்டுவின் சட்டம் நன்றாக நடக்கிறது. நேற்றுச் சாப்பிடும்போது நீங்கள் பியூஸைப் பற்றிச் சொன்ன கதைக்கு நான்தான் முதலில் சிரித்தேன். நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள். நான் கவனித்தேன்.

இன்று காலை விஷயம். கடைக்குப் போகும் வழியில் என்னைப் பூங்காவில் இறக்கிவிடுகிறேன் என்று கூட்டிக்கொண்டு போனீர்கள். என் இடத்தில் சாய்ந்தேன். நீங்கள் பாட்டைப் போட்டீர்கள், உங்கள் அத்தையின் பாட்டு. சிக்னலில் வண்டி நின்றபோது ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பாதி திரும்பி என்னிடம் ஏதோ சொன்னீர்கள். பாதி முகம்தான் தெரிந்தது, மீசையை வெட்டிக்கொள்கிறேன் என்று எழுதியதை நீங்கள் இன்னும் செய்யவில்லை. நான் தலையாட்டினேன்.

சாயங்காலம் வாண்டுவிடம் கேட்டேன், அப்பா என்ன சொன்னார் என்று. அவளும் வண்டியில் இருந்தாளே. முதுகில் ரொம்ப அடிக்கிறதோ என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். "இடிக்குதா மாமா?" என்றுதானாம்.

இருக்கலாம். குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்கிறது. ஆனால் நான் உங்கள் உதட்டில் படித்தது, "இடமிருக்கு மாமா."

அதைத் திருத்த வேண்டாம்.

இப்படிக்கு,
மாமா